காரணத்தை எழுதிக் கொடுங்க

எங்கள் பிரதேச செயலகத்தில் நான் படியேறுவதைக் கண்டாலே இரண்டு கிளார்க்குகளுக்கு டீ குடிக்கும் ஞாபகம் வந்துவிடும். மூன்றாவது ஆள் புதியவர், அவர்தான் மாட்டிக்கொள்வார். "இது செய்ய ஏலாதும்மா" என்று அவர் வாயைத் திறந்ததும் நான் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைப்பேன். ஏன் ஏலாது என்று இதில் எழுதி, கீழே கையெழுத்தும் சீலும் வைத்துத் தாருங்கள் என்பேன். சண்டை பிடிக்க மாட்டேன். பெரும்பாலும் தாளில் ஒரு எழுத்தும் விழாமலே வேலை நடந்துவிடும். முதுகுக்குப் பின்னால் என்னை 'எழுதிக்குடு அக்கா' என்கிறார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதை எங்கே படித்தாய், யூனியனில் இருந்தாயா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ஈரான் அரசியல்வாதியிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர் கற்றுத் தந்தார் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார், நான் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். காது சும்மாதானே இருந்தது.

அது எண்பதுகள். ஈரானும் ஈராக்கும் அடித்துக்கொண்டிருந்த காலம். நான் துபாயில், தேராவில், மசாலாக் கடைத்தெருவுக்கு இரண்டு சந்து பின்னால் ஒரு ஈரானிய வியாபாரி வீட்டில் வேலைக்கு இருந்தேன். முதலாளி துபாயிலிருந்து தேயிலையும் அரிசியும் லாஞ்சில், சரக்கு மோட்டார் படகில், ஈரான் கரைக்கு அனுப்புவார். அங்கிருந்து பிஸ்தாவும் உலர்ந்த திராட்சையும் வரும். மேடத்துக்கு அப்போது நான்கு பிள்ளைகள். சமையல், துவையல், பிள்ளைகள் எல்லாம் என் தலையில். இரண்டு வருஷ ஒப்பந்தம். போய் இறங்கிய அன்றே மேடம் கையை நீட்டி என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள். பத்திரமாக இருக்கட்டும் என்றாள். படுக்கையறை இரும்பு அலமாரியில் அது போய் உட்கார்ந்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதனால் எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

நான் மலைநாட்டுக்காரி. தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். எனக்குப் பத்து வயதானபோது கொழும்பில் ஒரு பங்களா வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். எங்கள் பக்கம் பெண் பிள்ளைக்குப் பத்து வயது ஆகிவிட்டால் கொழும்பிலிருந்து ஆள் விசாரித்துக்கொண்டு வருவார்கள். நல்ல குடும்பம், வேளைக்குச் சோறு, படிக்கவும் வைப்போம் என்பார்கள். படிக்க வைத்தார்கள், எதை என்றால் சட்டியில் அடிப்பிடித்ததை எப்படிச் சுரண்டுவது என்று. ஆறு வருஷம் அந்த வீட்டுப் பழைய பேப்பர்களை எழுத்துக் கூட்டி வாசித்து வாசித்துத்தான் இன்று இதை எழுதும் அளவுக்கு வந்திருக்கிறேன். என் மகள் பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டேன், இவள் எவள் வீட்டுச் சட்டியையும் தொடக் கூடாது. துபாய்க்கு வந்ததே அதற்குத்தான். நான் புறப்படும்போது அவளுக்கு ஏழு வயது. இரண்டு வருஷம், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வருஷம் ஓடியது. கேட்டேன். ரமழான் முடியட்டும் என்றாள் மேடம். முடிந்தது, கேட்டேன். எனக்கு மாதம் நெருங்குகிறதே, பிள்ளை பிறக்கட்டும் என்றாள். ஐந்தாவதும் பிறந்தது. பிள்ளைக்குக் கழுத்து நிற்கட்டும் என்றாள். நின்றது. புது வேலைக்காரி வரட்டும் என்றாள். புது வேலைக்காரி என்கிறவள் அந்த வீட்டுப் பக்கமே வரக்காணோம். கெட்டவள் என்று சொல்ல வரவில்லை. காய்ச்சல் வந்தால் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவள்தான். ஆனால் என்னை விடுவதற்கு மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் அண்ணன் லாஞ்சில் வந்து இறங்கினார். மெலிந்த உருவம், நரைத்த தாடி, கையில் துணிப்பை நிறையக் காகிதம். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்று மேடம் சொன்னதால் எங்கள் வழக்கப்படி நான் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டேன். கடைசி வரை மாஸ்டர்தான்.

அவர் வந்த அன்று நான் மானம் கெட்டதைச் சொல்ல வேண்டும். பார்சி பேசுகிற ஈரானியர்களின் உபசாரப் பேச்சு நமக்குச் சட்டென்று பிடிபடாது. எனக்குக் கடைத்தெருவிலேயே ஒரு தடவை அடி விழுந்திருந்தது. வந்த புதிதில் ஒரு ஈரானியக் கடையில் பிஸ்தா என்ன விலை என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்து, உங்களுக்கு விலையா, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் கடைக்காரர். எவ்வளவு நல்ல மனுஷன் என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். அவர் கல்லாவை விட்டுவிட்டு என் பின்னால் ஓடி வந்தார். அது சும்மா ஒரு மரியாதை, இரண்டு மூன்று தடவை மறுத்துவிட்டுக் காசைக் கொடுக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அவ்வளவு பட்டும் புத்தி வந்ததா? மாஸ்டருக்கு முதல் டீயை நான்தான் கொண்டுபோனேன். அந்த வீட்டு டீ சாதாரண டீ இல்லை. எங்கள் மலையில் நாங்கள் குடித்ததெல்லாம் கூட்டித் தள்ளிய தூள். நாங்கள் பறித்த கொழுந்தின் உண்மையான ருசியை நான் அறிந்தது தேராவில்தான். சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். மாஸ்டர் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், கையை நெஞ்சில் வைத்தார். என் உயிரைத் தருவேன் மகளே, என்ன வேண்டும் கேள், என் இரண்டு கண்ணின் மேல் வைத்துச் செய்கிறேன் என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, அப்படியென்றால் உங்கள் தம்பியிடம் சொல்லி என் பாஸ்போர்ட்டை வாங்கித் தாருங்கள் என்று கேட்டுவிட்டேன்.

முதலில் மேடம் சிரிக்க ஆரம்பித்தாள். முதலாளி சிரித்தார். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே சிரித்தன. மாஸ்டரும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை நான் மறந்துவிட்டேன். பார்த்த முதல் நாளே உயிரைத் தருகிறேன் என்றவர் சிரித்தாரே, அதுதான் ஆறவில்லை.

அவர் கதை எனக்கு ஒரே நாளில் தெரியவில்லை. மேடம் திட்டியதிலிருந்து பாதி தெரிந்தது. அவர் தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்து சத்தமாகப் பேசிப் பழகியதிலிருந்து மீதி தெரிந்தது. மன்னர் காலத்தில் மன்னரைக் கேள்வி கேட்டு ஜெயிலுக்குப் போனவர். மன்னர் ஓடிப்போன பிறகு ஊர்ச் சனம் சேர்ந்து அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. போனவர் சும்மா இருந்தாரா? பத்திரிகையை ஏன் மூடினீர்கள், என்ன குற்றம் என்று சொல்லாமலே ஆட்களை ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று எழுந்து எழுந்து கேட்டிருக்கிறார். மைக்கை நிறுத்தினார்கள். வாத்தியார் தொண்டைக்கு மைக் எதற்கு? அது இல்லாமலே கேட்டார். அடுத்த தேர்தலுக்கு மனுப் போட்டார். அந்த நாட்டில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று சலித்துப் பார்க்க ஒரு குழு உண்டு. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பேரைப் பொறுக்கி வெளியே போடுவார்கள். மாஸ்டரின் பேரைப் போட்டுவிட்டார்கள். வந்தது ஒரே வரிக் கடிதம், தகுதி உறுதியாகவில்லை என்று. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. தலைநகரத்துக்குப் போய் அந்த அலுவலக வாசலில் நாள் கணக்காக உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூட வேலையும் போயிற்று. அதற்குப் பிறகுதான் தம்பி வீடு. வசந்தத்தில் மறுபடியும் தேர்தல் வருகிறது, மறுபடியும் மனுப் போடுவேன் என்றுதான் அந்தத் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் பேச்சில் ஒரு இடம் எனக்கு மனப்பாடம். தினமும் கேட்டேனே. பார்சியில் அவர் சொன்னதை எனக்கு வருகிற தமிழில்தான் தர முடியும். "நான் வீட்ட இடிக்கச் சொல்லல. கதவப் பூட்டுனது யாரு, எதுக்காகப் பூட்டுனாங்க, அத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னுதான் கேக்குறேன். எழுத முடியாத காரணம் காரணமே இல்ல." அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் சுவரில் ஒரு தட்டு தட்டுவார். எனக்கு இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்றுவிடும். இந்த ஆள் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று தோன்றும். பேசி முடித்ததும் விரலைச் சொடுக்குவார். டீ வேண்டும் என்று அர்த்தம்.

மாசி மாதம் அந்தக் கடிதம் வந்தது. எனக்கு வருகிற கடிதமெல்லாம் தெருமுனையில் இருந்த கடையின் தபால் பெட்டி எண்ணுக்குத்தான் வரும். கடைக்காரர் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். எங்கள் ஊர் வழக்கத்தில் நான் அவரை நானா, அதாவது அண்ணா, என்பேன். அவர் கடித உறையைக் கையில் கொடுத்ததும் அங்கேயே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வாசித்தேன். புருஷன் எழுதியிருந்தார். மகளுக்குப் பத்து வயது ஆகிவிட்டது, கொழும்பில் ஒரு நல்ல குடும்பம் கேட்கிறது, சித்திரை வருஷப்பிறப்பு முடிந்ததும் அனுப்பலாம் என்று இருக்கிறேன், நீயும் வருகிற வழியாக இல்லை என்று எழுதியிருந்தார். நல்ல குடும்பம் என்ற அந்த இரண்டு வார்த்தையை நான் பத்து வயதிலேயே கேட்டவள். அனுப்பாதே என்று உடனே பதில் எழுதினேன். ஆனால் கடுதாசி போய்ச் சேருவதற்குள் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? லயத்தில் போனும் கிடையாது. நானே போய் வாசலில் நின்றால்தான் உண்டு.

நானா நல்லவர்தான், ஆனால் பயந்த மனுஷன். பாஸ்போர்ட்டை எப்படியாவது கேட்டு வாங்கப் போகிறேன் என்றதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"பேசாம இரு தங்கச்சி. ஒன் விசா கபீல் மொதலாளி பேர்லதான் இருக்கு, அவன் நெனச்சா நேரா ஏர்போட்டுல கொண்டு விட்டுருவான்" என்றார்.

"அங்கதானே நானா நானும் போகணும்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு சோப்புக் கட்டியை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

முதலில் மேடத்திடம் கடிதத்தைக் காட்டினேன். மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறதே, நல்லதுதானே என்றாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் பட்டது. முதலாளி காதில் வாங்கவே இல்லை. ஒருநாள் மாஸ்டர் தனியாக இருந்தபோது அவரிடமும் போய் நின்றேன். கேட்டார், தாடியைத் தடவினார். நான் இங்கே விருந்தாளி மகளே, தம்பியின் வீட்டு விஷயத்தில் எப்படித் தலையிடுவது என்றார். சொல்லிவிட்டுக் காகிதத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் அடுப்படிக்கு வந்து வெங்காயம் அரிந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாஸ்டரின் ஊர்க்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள் என்றார்கள். தேராவில் கடை வைத்திருப்பவர்கள், லாஞ்சு சொந்தக்காரர்கள், இருபது பேருக்கு மேல். தேர்தலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அவர்கள். ஒரு மனுவில் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை லாஞ்சில் கிளம்புகிறார். அவர் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவர் இருந்தபோதும் யாரும் இல்லை. ஆனால் இருபது பேர் நடுவில் அவர் நின்று பேசுகிற நாள் அது ஒன்றுதான்.

காலையிலிருந்து சோறும் ஆட்டிறைச்சியும் ஆக்கி இறக்கினேன். சாப்பிட்டு முடித்தார்கள். சமோவாரில் தண்ணீர் கொதித்தது. கூடத்தில் மாஸ்டர் எழுந்து நின்று பேசத் தொடங்கினார். எனக்கு வரி வரியாகத் தெரிந்த பேச்சு. இது இன்ன இடம், அடுத்தது இது என்று சொல்லலாம். வீட்ட இடிக்கச் சொல்லல என்ற இடம் வந்தபோது தட்டில் குவளைகளை அடுக்கி முடித்துவிட்டேன். எழுத முடியாத காரணம் காரணமே இல்ல என்று சுவரில் தட்டினார். எல்லாரும் வாயாரப் பாராட்டினார்கள். நான் தட்டோடு உள்ளே போய் அவர் எதிரில் நின்றேன். தட்டைத் தாழ்த்தவில்லை.

என் பார்சி அடுப்படிப் பார்சி. உப்பு, தண்ணீர், அழுக்குத் துணி, இவ்வளவுதான் அதில் உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

"மாஸ்டர், என் பாஸ்போட்டு இந்த வீட்டு அலமாரியில இருக்கு. என் வேல முடிஞ்சி பத்து மாசமாச்சி. தர மாட்டேன்னா பரவால்ல. எதுக்காகத் தர மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. வாங்கிக்கிட்டு நான் பேசாம அடுப்படிக்குப் போயிருவேன்."

குவளைகள் தட்டில் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. முதலாளி எழுந்து உள்ளே போ என்றார். நான் போகவில்லை. மேடம் திரைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தாள். மாஸ்டரின் காது சிவந்துவிட்டது. மெதுவான குரலில், இது வீட்டு விஷயம், அப்புறம் பேசுவோம் மகளே என்றார்.

"ஒங்க பேர எடுத்தவுங்களும் இப்பிடித்தானே காரணம் சொல்லாம அனுப்புனாங்க?" என்றேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழட்டு லாஞ்சுக்காரர் தொண்டையைக் கனைத்தார். பெண் கேட்பதில் பிசகு ஒன்றும் இல்லையே என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தரைவிரிப்பைப் பார்த்தார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு அவர் வந்து ஐந்து மாதம், அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு குனிந்து, தன் மனுவுக்காக வைத்திருந்த வெள்ளைத்தாளில் ஒன்றை உருவினார். தன் பேனாவின் மூடியைக் கழற்றினார். இரண்டையும் தம்பியிடம் நீட்டினார்.

"எழுது" என்றார்.

என்ன எழுத என்று முதலாளி கேட்டார். காரணத்தை எழுது என்றார் மாஸ்டர். துபாயில் எல்லார் வீட்டிலும் இதுதானே வழக்கம் என்றார் முதலாளி. அப்படியானால் அதையே எழுது, கீழே உன் பேரைப் போடு, இருபது சாட்சி இருக்கிறார்கள் என்றார் மாஸ்டர். இவள் போய்விட்டால் ஐந்து பிள்ளைகளை யார் பார்ப்பது என்று குரலை உயர்த்தினார் முதலாளி. அதையும் எழுது என்றார் மாஸ்டர். முதலாளி பேனாவை வாங்கினார். எழுதப்போகிறவர் மாதிரி தாளைத் தொடையில் வைத்தார். பேனா தாளுக்கு மேலே நின்றது. எத்தனை நேரம் என்று தெரியாது, எனக்குத் தோளெல்லாம் வலித்துவிட்டது. ஒரு எழுத்தும் விழவில்லை. பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே போனார். இரும்பு அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. வந்து, பாஸ்போர்ட்டை என் தட்டிலேயே, குவளைகளுக்கு நடுவில் விசிறினார். இரண்டு குவளை சாய்ந்து டீ அதன்மேல் கொட்டியது.

என் முக்காட்டுத் துணியால் அதைத் துடைத்தேன். ஓரத்தில் ஒரு கறை நின்றுவிட்டது, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இடுப்பில் செருகிக்கொண்டேன். போய் வேறு குவளைகள் கொண்டுவந்து, வந்தவர்கள் எல்லாருக்கும் டீ கொடுத்தேன். வேலையைப் பாதியில் விட்டேன் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது. மாஸ்டரிடம் கடைசியாகப் போனேன். குவளையை எடுத்தார். சர்க்கரையைத் தொடவில்லை.

"அன்னைக்கு நான் சிரிச்சிட்டேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஆமா, சிரிச்சீங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் துணிப்பையோடு போய்விட்டார்.

அவருக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு அவரைப் பற்றிப் பேச நேரமிருக்காது. நானா பின்னால் எழுதிய கடிதத்தில் இருந்தது. மனுப் போட்டிருக்கிறார். மறுபடியும் பேரை எடுத்துவிட்டார்கள், அதே ஒரு வரி, தகுதி உறுதியாகவில்லை. அந்த நாட்டில் ஓட்டுச் சீட்டில் பேரை ஆட்களே கையால் எழுத வேண்டும். பட்டியலில் இல்லாத அந்தப் பேரை அவர் ஊர்ச் சனம் நிறையப் பேர் எழுதிப் போட்டார்களாம். எண்ணிக்கையில் சேராது, செல்லாத ஓட்டு. தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கிழட்டு லாஞ்சுக்காரரும் எழுதியிருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம். அதற்கு அப்புறம் அவரை நிற்க விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. விட்டிருக்கவே வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மேல் இருந்த கோபம் அது பாட்டுக்கு இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யவில்லை.

மேடம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். என் முகத்தில் விழிக்கவே பிடிக்காமல் விசாவை ரத்துச் செய்யும் வேலையை அவளே விரட்டி விரட்டி முடித்தாள். பத்து மாதம் நடக்காதது பத்து நாளில் நடந்தது. ஊர் திரும்ப டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இருந்தது. புறப்படுகிற அன்று கைப்பிள்ளையை ஒரு தடவை என் கையில் கொடுத்தாள். முத்தம் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

விமானத்துக்கு முந்தின நாள் நானா ஓடி வந்தார். இன்னொரு கடிதம். கொழும்புக்காரர்கள் அவசரப்பட்டார்களாம், சித்திரை வரை காத்திருக்க முடியாது என்றார்களாம், மகளை அனுப்பிவிட்டேன் என்று புருஷன் எழுதியிருந்தார். நீ கடிதம் போட வசதியாக இருக்கட்டும் என்று அந்த வீட்டு விலாசமும் கீழே இருந்தது. நானா என் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். நான் அழவில்லை. விலாசத்தை மட்டும் கிழித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் மலைக்குப் போகிற பஸ்ஸைத் தேடவில்லை. பெட்டியோடு நேராகக் கொழும்பு. கடற்கரைப் பக்கத்தில் நல்ல வீடுதான், முன்னால் இரும்புக் கேட், பூச்சட்டிகள். பின்பக்கத்து வழி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆறு வருஷம் அப்படிப்பட்ட வழியால்தான் நான் நடந்தேன். முன் கேட்டில் நின்று மணியை அடித்தேன்.

வந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரி. கண்ணாடி போட்ட, சாந்தமான முகம். நான் யார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றேன்.

"எங்கட பிள்ளை மாதிரித்தான் வச்சிருக்கிறம்" என்றாள். "உன்ர மனுசன்தானே கொண்டு வந்து விட்டவர். அவர் வந்து கேக்கட்டும். பிள்ளையின்ர பேர்த் சேர்ட்டிபிக்கற்றும் என்னட்டைப் பத்திரமா இருக்கு."

பத்திரமா என்ற சொல்லை அவள் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை. நான் கைப்பையைத் திறந்தேன். தாள் எதுவும் இல்லை. விமானத்தில் தந்த ஒரு படிவம் மடங்கிக் கிடந்தது, அதன் பின்பக்கம் வெள்ளை. அதைக் கேட்டின் கம்பிக்கு நடுவால் அவளிடம் நீட்டினேன்.

"குடுக்க மாட்டேன்னா இதுல காரணத்த எழுதிக் குடுங்கம்மா. எத்தன வயசுப் புள்ள, ஒங்க வீட்டுல என்னா வேல செய்யிதுன்னும் எழுதுங்க. கையெழுத்துப் போடுங்க. நான் வாங்கிக்கிட்டுப் போறேன்."

அவள் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். தாளைத் தொடாமல் உள்ளே போனாள். திரும்பி வரும்போது பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது. கேட்டைத் திறந்து அதைத் தந்துவிட்டு, உள்ளே பார்த்து மகளின் பேரைக் கூப்பிட்டாள்.

மகள் வந்தாள். வளர்ந்திருந்தாள். முழங்கை வரை ஈரம், விரல் இடுக்கில் சாம்பல். என்னைக் கண்டதும் ஓடி வருவாள் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஓடி வரவில்லை. பாதி வழியில் நின்று, திரும்பி அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு சட்டி இருக்கும்மா. கழுவி வச்சிட்டு வரட்டா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றேன். "அப்பிடியே வா."

அவள் கையை என் முக்காட்டுத் துணியால் துடைத்தேன், பாஸ்போர்ட்டைத் துடைத்த அதே துணி. பெட்டியை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு முன் கேட்டால் வெளியே வந்தோம்.